போயிட்டு வரேன்: துனிசியன் குரோஷே பழகுவோம்



வீட்டை விட்டுக் கிளம்பும்போது "போறேன்மா" என்று சொல்லிப் பாருங்கள். அம்மா விடமாட்டார்கள். "போயிட்டு வரேன்னு சொல்லு" என்று வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். இந்த மாதம் நான் சொல்லித்தரப் போகும் கைவேலைக்கும் அதே சட்டம்தான். போனால் மட்டும் வரிசை முடியாது, போயிட்டு வரணும். இதன் பெயர் துனிசியன் குரோஷே.

"குரோஷேயா? அது பாட்டி வேலையாச்சே" என்று பக்கத்தைப் புரட்டப் பார்க்கிற தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. கோயில் வாசலில் மாலை கட்டுகிற அண்ணன்களின் விரலைப் பார்த்திருக்கிறீர்களா? நூலும் விரலும் சேர்ந்து செய்கிற வேலையில் ஆண் என்ன, பெண் என்ன. நான் இயந்திரப் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். என் பைக்குள் கால்குலேட்டருக்குப் பக்கத்தில் ஒரு 6.5 மி.மீ. ஊசி எப்போதும் கிடக்கிறது.

ஏன் இந்தப் பின்னல்?

எங்கள் வட்டார இளைஞர் பிரிவு போன வருடம் ஒரு ரத்தச் சுத்திகரிப்பு மையத்துக்கு மடிப்போர்வைகள் பின்னித்தர ஒப்புக்கொண்டது. சிறுநீரகம் செயலிழந்தவர்கள் அங்கே பெரும்பாலும் வாரத்தில் மூன்று நாள் வருகிறார்கள். ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய 4 மணி நேரம் நாற்காலியில் இருக்கவேண்டும். ரத்தம் குழாய் வழியாக உடம்பை விட்டு வெளியே போய், இயந்திரத்தில் சுத்தமாகி, திரும்பி வருகிறது. அதிலேயே பலருக்குக் குளிர் எடுக்கும். போதாததற்கு ஏர்கான். வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும், உள்ளே அவர்களுக்குப் பல் கிட்டும்.

நான் சாதாரண குரோஷேயில் பூப்பூவாக ஓட்டை விட்டு, ரொம்பப் பெருமையாக ஒரு போர்வை பின்னி எடுத்துப் போனேன். அங்கிருந்த தாதி அதை விரித்துப் பார்த்தார். குழாயில் மாட்டும் கிளிப் ஒன்றைக் கையில் எடுத்து, போர்வையின் மேல் லேசாக இழுத்துக் காட்டினார். கிளிப் நேராகப் போய் ஒரு ஓட்டையில் மாட்டிக்கொண்டது. "தம்பி, அழகாத்தான் இருக்கு. ஆனா இது குழாயைப் பிடிச்சு இழுத்தா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க" என்றார். ஊசி குத்தியிருக்கும் கையைப் போர்வையால் மூடக்கூடாது என்பதையும் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். ஊசி நழுவினால் ரத்தம் கசியும், அது உடனே கண்ணில் படணும். அதனால் அந்தக் கை எந்நேரமும் வெளியே தெரியவேண்டும்.

ஆக, எங்களுக்கு வேண்டியது இது: ஓட்டை இருக்கக்கூடாது. மடியையும் காலையும் மட்டும் மூடணும். கனமாக, கதகதப்பாக இருக்கணும். துவைக்கும் இயந்திரத்தில் போட்டு எடுக்க முடியணும். தேடிப் பார்த்ததில் துனிசியன் குரோஷேயின் அடிப்படைத் தையல் இதற்கென்றே செய்தது போல இருந்தது. நெய்த துணி மாதிரி நெருக்கமாக வரும், கிளிப் மாட்ட இடம் இருக்காது.

பெயரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். துனிசியா நாட்டில் பிறந்தது என்பதற்குச் சான்று இல்லை. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஐரோப்பியக் கைவேலைப் புத்தகங்களில் இது அச்சேறியது. அப்போது டிரிக்கோ என்றும் அழைத்தார்கள். 1886இல் வெளிவந்த தெரேஸ் தெ தில்மோனின் கைவேலைக் கலைக்களஞ்சியத்தில் துனிசியன் என்ற பெயரிலேயே இருக்கிறது. அமெரிக்கர்கள் ஆஃப்கன் ஸ்டிட்ச் என்பார்கள். அங்கே ஆஃப்கன் என்றால் பின்னிய போர்வை என்றும் ஒரு பொருள் உண்டு. பெயர் எங்கெங்கோ போகட்டும், நாம் வேலைக்கு வருவோம்.

தேவையானவை

ஊசி, நூல், மழுங்கிய முனையுள்ள தையல் ஊசி ஒன்று, கத்தரிக்கோல், அளவு நாடா. அவ்வளவுதான்.

ஊசி விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கவனம். சாதாரண குரோஷேயில் ஊசியில் ஒன்றிரண்டு கண்ணிகள்தான் இருக்கும். இங்கே ஒரு வரிசையின் எல்லாக் கண்ணிகளும் ஒரே நேரத்தில் ஊசியிலேயே உட்கார்ந்திருக்கும். அதனால் ஊசி நீளமாக இருக்கணும். ஒரு முனையில் கொக்கி, மறுமுனையில் கண்ணி நழுவாமல் தடுக்க ஒரு குமிழ். பெரிய போர்வையை ஒரே துண்டாகப் பின்னுகிறவர்களுக்கு, பின்னால் வளையும் ஒயர் இணைத்த ஊசியும் உண்டு. பழகுவதற்கு இதெல்லாம் வேண்டாம். வீட்டில் சாதாரண குரோஷே ஊசி இருந்தால் போதும், ஆனால் கைப்பிடி தடிப்பாக இல்லாமல் முழுக்க ஒரே பருமனாக இருக்கணும். பின்முனையில் ரப்பர் பேண்டைச் சுற்றிவிடுங்கள், அதுதான் குமிழ். 15, 20 கண்ணி தாராளமாகத் தாங்கும்.

ஊசியின் பருமன்? நூல் உருண்டையின் காகிதப் பட்டையில் எத்தனை மி.மீ. ஊசி என்று போட்டிருக்கும். அதைவிட 1 அல்லது 2 மி.மீ. பெரியதாக எடுங்கள். 5 என்று போட்டிருந்தால் 6.5 எடுக்கலாம். காரணம் பின்னால் வருகிறது. அதுவரை என்னை நம்புங்கள்.

நூல், போர்வைக்கு அக்ரிலிக். துவைக்கச் சுலபம், கம்பளி ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் தொல்லை இல்லை. பழகும்போது வெளிர் நிறமாக எடுங்கள். கறுப்பு நூலில் ஆரம்பித்த எங்கள் குழுத் தங்கை ஒருத்தி இரண்டாவது வரிசையிலேயே டார்ச் லைட் கேட்டாள்.

முதல் நடை

ஒரு முடிச்சுக் கண்ணி போட்டு 20 சங்கிலி பின்னுங்கள். சங்கிலி தெரியாதவர்கள் வீட்டில் தெரிந்தவர்களிடம் ஐந்து நிமிடம் கேட்டால் வந்துவிடும். நூலை ஊசியில் சுற்று, கண்ணி வழியே இழு, அதுதான் சங்கிலி. இறுக்கிப் போடாதீர்கள்.

இனிமேல் இரண்டு நடை. ஒன்று போகும் நடை, இன்னொன்று வரும் நடை. இரண்டும் சேர்ந்தால்தான் ஒரு வரிசை. வலது கைக்காரர்களுக்குப் போகும் நடை வலமிருந்து இடம். இடது கைக்காரர்கள் எல்லாவற்றையும் கண்ணாடியில் பார்ப்பது போல மாற்றிக்கொள்ளுங்கள்.

போகும் நடை: ஊசியில் இருக்கும் கண்ணியை விட்டுவிட்டு, ஊசியிலிருந்து இரண்டாவது சங்கிலியில் ஊசியை விடுங்கள். நூலைச் சுற்றி ஒரு கண்ணியை வெளியே இழுங்கள். சாதாரண குரோஷே தெரிந்தவர்களின் கை இந்த இடத்தில் தானாகவே அடுத்த வேலைக்குப் போகும். நிறுத்துங்கள்! கண்ணியை அப்படியே ஊசியில் விட்டுவிட்டு அடுத்த சங்கிலிக்குப் போங்கள். ஒவ்வொரு சங்கிலியிலும் ஒரு கண்ணி. கடைசிக்கு வரும்போது ஊசியில் 20 கண்ணி வரிசையாக நிற்கும்.

இப்போது துணியைத் திருப்பக்கூடாது. சாதாரண குரோஷேயில் வரிசை முடிந்தால் துணியைத் திருப்புவோம். துனிசியனில் முன்பக்கம் கடைசிவரை உங்களையே பார்த்துக்கொண்டிருக்கும்.

வரும் நடை: நூலைச் சுற்றி ஒரே ஒரு கண்ணி வழியே இழுங்கள். இந்த முதல் இழுப்பு மட்டும்தான் ஒன்று. அதற்குப் பிறகு நூலைச் சுற்றி இரண்டு கண்ணி வழியே இழு, மறுபடி சுற்றி இரண்டு வழியே இழு. இப்படியே வலப்பக்கம் நோக்கி வாருங்கள். 20 கண்ணிக்கு 19 இழுப்பு, ஊசியில் ஒன்று மிஞ்சும். அந்த ஒன்றுதான் அடுத்த வரிசையின் முதல் கண்ணி. ஏற்கெனவே கையில் இருக்கிறது, தனியாக எடுக்கவேண்டியதில்லை.

துணியைப் பாருங்கள். சின்னச் சின்ன நிற்கும் இழைகள் வரிசையாகத் தெரியும், வேலிக் கம்பி மாதிரி. அவை போகும் நடையின் கண்ணிகள். அவற்றைச் சேர்த்துக் கட்டியபடி படுத்திருக்கும் சங்கிலிதான் வரும் நடை.

இரண்டாம் வரிசை: ஊசிக்கு நேர் கீழே இருக்கும் முதல் நிற்கும் இழையை விட்டுவிடுங்கள். அது ஊசியில் இருக்கும் கண்ணிக்குச் சொந்தம். அடுத்த நிற்கும் இழையின் அடியில், வலமிருந்து இடமாக ஊசியை நுழைத்து, நூலைச் சுற்றிக் கண்ணி எடுங்கள். துணியைத் துளைத்துப் பின்னால் போகவேண்டாம், முன்னால் நிற்கும் அந்த ஒரு இழையின் அடியில் மட்டும். இப்படியே இடதுபக்கம் வரை போய், பிறகு முன்பு சொன்னபடி திரும்பி வாருங்கள். இதுதான் துனிசியன் சிம்பிள் ஸ்டிட்ச். எங்கள் போர்வைக்கு இது ஒன்றே முக்கால்வாசி வேலையை முடித்துவிட்டது.

ஊசியைப் பேனா மாதிரிப் பிடிக்காமல், கத்தியைப் பிடிப்பது போல மேலிருந்து உள்ளங்கையில் பிடித்துப் பாருங்கள். இத்தனை கண்ணிகளோடு அதுதான் மணிக்கட்டுக்குச் சுகம்.

நான் சொல்ல மறந்த ஒரு வரி

முதல் வகுப்பில் ஒன்பது பேர் வந்தார்கள். தேவார வகுப்பு முடிந்ததும் மண்டபத்தின் ஓரத்தில் பாய் விரித்து உட்கார்ந்தோம். மேலே எழுதியதை அப்படியே சொல்லிக்கொடுத்தேன். ஆளுக்கு ஒரு சதுரம், 20 செ.மீ.க்கு 20 செ.மீ. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கொண்டுவாருங்கள், 30 சதுரம் சேர்ந்தால் 5க்கு 6 என்று தைத்து ஒரு போர்வை ஆக்கலாம் என்றேன். கணக்கு சரிதான்: 100 செ.மீ.க்கு 120 செ.மீ.

அடுத்த ஞாயிறு வந்த ஒன்பதில் சதுரம் என்று சொல்லக்கூடியவை இரண்டு. மற்றவை மேலே போகப் போகக் குறுகிப் பட்டம் மாதிரி இருந்தன. ஒருவர் 32 கண்ணியில் ஆரம்பித்து 19இல் முடித்திருந்தார். "அண்ணே, நீங்க சொன்ன மாதிரிதானே செஞ்சோம்" என்றார்கள். உண்மை. அவர்கள் சொன்னபடிதான் செய்திருக்கிறார்கள். சொல்லவேண்டிய ஒன்றை நான்தான் சொல்லவில்லை. என் கைக்குப் பழகிப்போனதால் அப்படி ஒரு படி இருப்பதே எனக்கு மறந்துவிட்டது.

அது கடைசிக் கண்ணி. இடது ஓரத்தில் உள்ள நிற்கும் இழை மற்றவை மாதிரி நேராக நம்மைப் பார்த்து நிற்காது. ஓரமாகத் திரும்பி ஒளிந்துகொள்ளும். புதிதாகப் பின்னுகிறவர்கள் அதற்கு முந்தியதையே கடைசி என்று நினைத்துத் திரும்பிவிடுவார்கள். ஒரு வரிசைக்கு ஒன்று தொலையும். அதைப் பிடிக்க ஒரு வழி: இடது ஓரத்தை விரலால் லேசாக உங்கள் பக்கம் திருப்புங்கள். ஓரத்தில் இரண்டு இழைகள் சேர்ந்து ஆங்கில வி எழுத்தைப் படுக்கவைத்தது போலத் தெரியும். மற்ற இடங்களில் முன் இழை மட்டும், இங்கே மட்டும் இரண்டு இழைகளின் அடியிலும் ஊசியை விட்டுக் கண்ணி எடுங்கள். கடைசி ஓரம் தொய்யாமல், வலது ஓரம் மாதிரியே நேராக வரும்.

ஜபமாலையில் மேரு மணி இருக்கும் அல்லவா, அதைத் தாண்டக்கூடாது, அங்கிருந்து திரும்பணும். இரண்டாவது வகுப்பில் ஒவ்வொருவருடைய இடது ஓரத்துக் கண்ணியிலும் ஒரு வண்ண நூல் துண்டை முடிந்துவிட்டேன். "இது மேரு. இதை எடுக்காம திரும்பக்கூடாது" என்றேன். ஒவ்வொரு வரிசையிலும் அந்தத் துண்டை மேலே மாற்றிக்கொள்ளணும். சிரித்தார்கள், ஆனால் அன்றைக்குப் பிறகு யாருக்கும் பட்டம் வரவில்லை.

அதோடு எண்ணிக்கை. போகும் நடை முடிந்ததும், திரும்புவதற்கு முன், ஊசியில் இருப்பவற்றை எண்ணுங்கள். இந்தப் பின்னலில் இது ஒரு வசதி: வரிசை முழுக்க ஊசியிலேயே இருப்பதால் பத்து நொடியில் எண்ணிவிடலாம். குறைந்தால் அங்கேயே ஊசியைப் பின்னால் எடுத்துத் திருத்தலாம், ஒரு வரிசைகூட வீணாகாது. எண்ணாமல் திரும்பிவிட்டால் பத்து வரிசை கழித்துத்தான் தெரியும்.

கூடுதலாக வந்தால்? பெரும்பாலும் முதல் நிற்கும் இழையை விடாமல் அதிலும் கண்ணி எடுத்திருப்பீர்கள். இடது ஓரம் இழுத்துக்கொண்டு வந்தால், வரும் நடையின் முதல் இழுப்பை ஒன்றில் எடுக்காமல் இரண்டில் எடுத்திருப்பீர்கள். எனக்குத் தெரிந்து ஓரம் கோணலாவதற்குப் பத்தில் ஒன்பது தடவை இந்த மூன்றில் ஒன்றுதான் காரணம்.

சுருளும் துணி

ஓரம் நேரானதும் அடுத்த தலைவலி. துணி கீழிருந்து மேல்நோக்கி, நம் பக்கமாக, அப்பளம் மாதிரிச் சுருண்டுகொள்ளும். எல்லோருக்கும் வரும். நீங்கள் தப்புச் செய்ததாக நினைத்து மொத்தத்தையும் பிரிக்காதீர்கள். நான் முதல் மாதத்தில் நான்கு முறை பிரித்தேன், நான்கு முறையும் அதேதான் வந்தது.

இதற்குக் காரணம் என் பாடப் புத்தகத்திலேயே இருந்தது. அயன் பெட்டிக்குள் சூட்டைக் கட்டுப்படுத்த இரண்டு உலோகங்களை ஒட்டிய ஒரு பட்டை இருக்கும். சூடானால் ஒரு உலோகம் மற்றதைவிட அதிகமாக நீளும். நீளாத பக்கம் உள்ளே போக, பட்டை வளையும். நம் துணியும் அப்படித்தான். முன்பக்கம் நிற்கும் இழை மட்டும் தட்டையாக இருக்கிறது. பின்பக்கம் நூல் மேடுகள் குவிந்து கிடக்கின்றன. பின்னால் சரக்கு அதிகம், முன்னால் குறைவு. அதனால் முன்பக்கமாக வளைகிறது.

காரணம் தெரிந்தால் மருந்தும் தெரியும். முதலாவது, பெரிய ஊசி. கண்ணிகள் தளர்ந்தால் பின்பக்க மேடுகளுக்கு உட்கார இடம் கிடைக்கும். முன்பு என்னை நம்பச் சொன்னேனே, இதற்காகத்தான். இரண்டாவது, வரும் நடையில் நூலை இறுக்காதீர்கள். அவசரத்தில் திரும்புகிறவர்கள் அங்கேதான் இழுப்பார்கள். மூன்றாவது, முதல் இரண்டு மூன்று வரிசைகளில் மேடுகளை முன்பக்கம் கொண்டுவரும் தையலைக் கலப்பது. அது பர்ல் ஸ்டிட்ச்: நூலை ஊசிக்கு முன்னால் கொண்டுவந்து வைத்துக்கொண்டு, சிம்பிளில் போலவே நிற்கும் இழையின் அடியில் ஊசியை விட்டு, நூலைச் சுற்றிக் கண்ணியை இழுக்கணும். ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு சின்ன மேடு விழும். ஒரு சிம்பிள், ஒரு பர்ல் என்று மாற்றி மாற்றிப் போட்டு, அடுத்த வரிசையில் இடம் மாற்றிப் போட்டால் இரண்டு பக்கமும் சரக்கு ஏறக்குறைய சமம். துணி சொன்ன பேச்சைக் கேட்கும். எங்கள் சதுரங்களில் கீழே மூன்று வரிசை, மேலே மூன்று வரிசை இப்படித்தான்.

இதற்குப் பிறகும் மிஞ்சும் சுருளைத் தண்ணீரில் எடுக்கலாம். ஈரப்படுத்தி, துண்டில் சுற்றிப் பிழிந்து, பழைய மெத்தை மேல் அளவுக்கு விரித்துக் குண்டூசி குத்திக் காயவிடுங்கள். அக்ரிலிக்கை அயன் பெட்டியால் அழுத்தாதீர்கள். இழை இளகித் தொய்ந்துவிடும், பிறகு பழைய நிலைக்கு வராது. ஒரு சதுரத்தை அப்படிக் கொன்றிருக்கிறேன்.

இன்னும் சில தையல்கள்

சிம்பிள் கைக்கு வந்துவிட்டால் மற்றவை சுலபம். வரும் நடை எல்லாவற்றுக்கும் ஒன்றேதான், போகும் நடையில் ஊசியை எங்கே விடுகிறோம் என்பதில்தான் வித்தியாசம்.

நிட் ஸ்டிட்ச்: நிற்கும் இழை ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இரண்டு கால் உண்டு. அந்த இரண்டு காலுக்கு நடுவே, படுத்திருக்கும் சங்கிலிக்கு அடியில், துணியைத் துளைத்து ஊசியைப் பின்னால் விடணும். பார்ப்பதற்கு இரண்டு ஊசியில் பின்னிய ஸ்வெட்டர் மாதிரியே இருக்கும். கனம் அதிகம், சுருளும் அதிகம். இன்னும் பெரிய ஊசி எடுங்கள்.

ரிவர்ஸ் ஸ்டிட்ச்: முன் காலை விட்டு, துணிக்குப் பின்னாலிருந்து பின் காலின் அடியில் கண்ணி எடுப்பது. இது சுருளை எதிர்ப்பக்கம் தள்ளும் என்பதால் முதல் வரிசைக்கு நல்லது. பின்னால் எட்டிப் பார்த்துக்கொண்டே பின்னுவதால் கழுத்து வலிக்கும், நான் அதிகம் போடுவதில்லை.

ஃபுல் ஸ்டிட்ச் என்று ஒன்று: இழையில் இல்லாமல், ஒரு நிற்கும் இழைக்கும் அடுத்ததற்கும் நடுவில் உள்ள சந்தில் ஊசியை விடுவது. அழகான தையல், ஆனால் ஒரு குறும்பு உண்டு. சந்துகளை எப்போதும் ஒரே இடத்தில் தொடங்கிப் போட்டால் துணி ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டே போகும். ஒரு வரிசையில் முதல் சந்தை விட்டுக் கடைசிச் சந்தில் எடுங்கள், அடுத்த வரிசையில் முதல் சந்தில் எடுத்துக் கடைசிச் சந்தை விடுங்கள். எண்ணிக்கையும் மாறாது, துணியும் சாயாது.

நிறம் மாற்றுவதற்கு ஏற்ற இடம் வரும் நடையின் கடைசி இழுப்பு. ஊசியில் இரண்டு கண்ணி இருக்கும்போது பழைய நூலை விட்டு, புது நிற நூலைச் சுற்றி இரண்டின் வழியே இழுங்கள். அடுத்த வரிசையின் முதல் கண்ணி புது நிறத்திலேயே தயாராக நிற்கும்.

அளவு எடுத்தல்

கண்மட்டத்தில் சங்கிலி போடாதீர்கள். முதலில் 20 கண்ணியில் பத்து, பதினைந்து வரிசை மாதிரித் துண்டு ஒன்று பின்னி, நடுவில் அளவு நாடாவை வைத்து 10 செ.மீ.க்குள் எத்தனை நிற்கும் இழை என்று எண்ணுங்கள். எனக்கு 16 வந்தது. 20 செ.மீ. வேண்டும் என்றால் 32. உயரத்தில் 10 செ.மீ.க்கு 14 வரிசை, ஆக 28 வரிசை. உங்கள் கைக்கு 14ஓ 18ஓ வரலாம். ஒன்பது பேர் சேர்ந்து ஒரு போர்வை செய்யும்போது இது ரொம்ப முக்கியம். இறுக்கிப் பின்னும் ஒரு தங்கைக்கு 7 மி.மீ. ஊசி, தளர்த்திப் பின்னும் எனக்கு 6.5. ஊசிதான் வேறு, சதுரம் ஒன்று. "எல்லாரும் என்னை மாதிரிப் பின்னுங்க" என்று யாருடைய கையையும் மாற்றப் பார்க்காதீர்கள், ஊசியை மாற்றுங்கள்.

முடித்தலும் இணைத்தலும்

கடைசி வரும் நடைக்குப் பிறகு மேல் ஓரம் சந்துசந்தாக இருக்கும். அதை மூட, அடுத்த நிற்கும் இழையின் அடியில் ஊசியை விட்டு, நூலைச் சுற்றி, இழையையும் ஊசியில் இருக்கும் கண்ணியையும் சேர்த்து ஒரே இழுப்பில் இழுங்கள். கடைசிவரை இப்படியே. ஊசியில் எப்போதும் ஒன்றுதான் இருக்கும். இங்கே கை இறுகினால் மேல் ஓரம் சுருங்கும், நிதானமாகச் செய்யுங்கள். நூல் நுனியைக் குறைந்தது 15 செ.மீ. விட்டு வெட்டி, தையல் ஊசியால் பின்பக்க மேடுகளுக்குள் ஒரு திசையில் போய், மறுபடி எதிர்த்திசையில் வந்து ஒளித்துவிடுங்கள். ஒரே திசையில் ஒளித்தால் இரண்டு துவையலில் வெளியே வந்துவிடும். எங்கள் போர்வைக்கு இது விளையாட்டில்லை, தொங்கும் நூலும் குழாயில் சுற்றும்.

சதுரங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஓரத்துக் கண்ணிக்குக் கண்ணி சுற்றித் தைத்துச் சேருங்கள். கடைசியில் போர்வையைச் சுற்றிச் சாதாரண குரோஷேயில் இரண்டு சுற்று பார்டர் போட்டால், கொஞ்சநஞ்சம் மிஞ்சிய சுருளும் அடங்கிவிடும்.

முதல் போர்வை முடிய எங்களுக்கு ஏழு வாரம் ஆனது. அந்தத் தாதி மறுபடி கிளிப்பை எடுத்து இழுத்துப் பார்த்தார். அது வழுக்கிக்கொண்டு போனது. இரண்டாவது முறை இன்னும் அழுத்தி இழுத்தார். அப்புறம் ஒன்றும் சொல்லாமல் போர்வையை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, "இங்க 18 நாற்காலி இருக்கு தம்பி" என்றார்.

இதுவரை நான்கு கொடுத்திருக்கிறோம். ஐந்தாவதுக்கு 11 சதுரம் குறைகிறது. உங்கள் வட்டாரத்தில் இப்படிச் செய்ய நினைப்பவர்கள் நூல் வாங்குவதற்கு முன் மையத்தில் நேரில் போய் அனுமதி கேளுங்கள். என்ன அளவு, எப்படித் துவைப்பார்கள் என்று விசாரித்துக்கொள்ளுங்கள். சில இடங்களில் வெளிப் போர்வை வேண்டாம் என்பார்கள், அதற்கு அவர்களிடம் காரணம் இருக்கும். எங்களோடு சேர விரும்பும் தம்பி தங்கைகள் ஞாயிறு காலை தேவார வகுப்பு முடிந்ததும் மண்டபத்துக்கு வரலாம். ஊசி எங்களிடம் இருக்கிறது. வெளிர் நிற நூல் ஒரு உருண்டையும், மேருவுக்கு வேறு நிறத்தில் ஒரு முழம் நூலும் கொண்டுவாருங்கள்.